நான் கொட்டின மண்

நடவுக்குக் கொடுப்பதைப் போல இரண்டு பங்கு கூலி என்று மனை புரோக்கர் சொன்னபோதே எனக்குச் சந்தேகம். கல் சுமக்க எவனாவது அவ்வளவு கொடுப்பானா? ஆனாலும் போனேன். எழுபதுகளின் ஆரம்பம் அது. நசரத்பேட்டையைச் சுற்றி வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. சும்மாடு வைத்து, வெள்ளையடித்த கல்லைச் சுமந்துபோய், அவர் கயிறு பிடித்த இடத்தில் நட வேண்டும்.

ஒன்று கவனித்தேன். நேற்றுவரை குறுக்கே நடந்த ஜனங்கள், கல் நட்டதும் சுற்றிப் போனார்கள். வேலி கிடையாது, காவல் கிடையாது. முழங்கால் உயரக் கல்லுக்கு அத்தனை மரியாதை.

மூன்றாம் நாள் கயிறு என் கத்திரித் தோட்டத்துக்குள் போனது.

முன்னே அது வெறும் களர். புல்கூட முளைக்காது. ஆறு கோடை, செம்பரம்பாக்கம் ஏரி வற்றும்போதெல்லாம், வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டியவள் நான். என்னளவு சுமந்தவள் அந்தப் பக்கம் எவளும் இல்லை. காகிதம் கிடையாது. ஊரே அதை என் தோட்டம் என்றது, அவ்வளவுதான்.

கல்லைக் கீழே போட்டேன்.

"இன்னா அண்ணி, கூலி குடுக்கறாரு. எங்க நட்டா ஒனக்கு இன்னா?" என்று கூட வந்த என் நாத்தனார் சிரித்தாள்.

"காலி எடம்னுதான் பேப்பர்ல கீது. ஒங்கிட்ட காயிதம் கீதாம்மா?" என்றார் புரோக்கர்.

"அடியில கீற களரு ஒன்னுது நைனா. மேல கீற மண்ணு நான் தூக்கிகினு வந்தது. அள்ளிகினு போயிடட்டா? அப்பால ஒன் களர எவன் வாங்கறான்னு பாப்போம்."

கல் சுமக்க வந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் அங்கே கல் நடவில்லை. புரோக்கரே நட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர், ஆவடி பாக்டரிக்காரர் ஒருவரை மனை பார்க்க அழைத்து வந்தார். வந்தவர் செடிகளைப் பார்த்துவிட்டு, வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம், "இது யாருதும்மா?" என்று கேட்டார். நான் நிமிரவில்லை, களை பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

அரிவாளால் என்னைக் காட்டினாள். "எங்க அண்ணிதுங்க. யாரை வேணா கேளுங்க."

அவர் குமணன்சாவடி டீக்கடைவரை போய்க் கேட்டாராம். அங்கேயும் அதே பதில். மனை வேண்டாமென்று போய்விட்டார்.

எனக்கு நிம்மதி வரவில்லை. என் மண்ணில் கல் நடச் சொன்ன அதே நாத்தனார் வாய்தானே அது? நாளைக்கு புரோக்கர் எதையாவது நீட்டினால் மாற்றிச் சொல்லாதா? ஊர் சொல்வதை நிறுத்தினால் எனக்கு அங்கே என்ன இருக்கிறது?

அன்று சாயந்தரமே மடி நிறையக் கத்திரிக்காய் பறித்து, முதலில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"இன்னா அண்ணி, திடீர்னு?"

"காய்ச்சுக் கெடக்குது. எடுத்துக்க."

என் முகத்தைப் பார்த்தபடியே முந்தானையை விரித்தாள்.