தேய்ந்த வால்வுக்கு ஒரு ஜோடி

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அரிவாள்மனையிலிருந்து பைக் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அம்மா எதையும் விடமாட்டாள். போன வருஷம் தம்பியின் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் விடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல்பு போல எரிந்து கொதிக்கும் கண்ணாடி வால்வின் மேல் ஈரச் சந்தனத்தை வைத்துவிட்டாள். டிக்கென்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விட்டு, உள்ளே வெள்ளியாக மினுங்கிய இடம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பாட்டு நின்றுவிட்டது.

தம்பி, அதியமான்கோட்டை ஹைவேயில் லாரி மோதிப் போனவன். சம்பாதித்த காலத்தில் ஆசைப்பட்டு அவன் வாங்கியது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதைப் போட்டுவிட்டுத்தான் அம்மா தினமும் அடுப்பையே பற்றவைப்பாள்.

“எம் புள்ளைய நானே ரெண்டாவது வாட்டி கொன்னுட்டனே சாமி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அன்று வந்ததை அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

பழைய வால்வுகளைச் சோதித்து விற்கும் பெங்களூர்க்காரர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

“அது ஜோடியா வேல செய்யறது சார். ஒண்ணு போனா ரெண்டையும் மாத்திடுங்க. பலம் கூடக்குறைய இருந்தா சத்தம் கெட்டுடும்” என்றார்.

அம்மாவிடம் சொன்னதும் சீறினாள். “நல்லா இருக்கறத எதுக்குடா தூக்கிப் போடணும்? அவன் கைபட்டதுடா அது!”

என்ன செய்வது? பிழைத்த வால்வைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் அதைச் சோதனைப் பெட்டியில் செருகினார். முள் பாதிகூட ஏறவில்லை. “இதுக்கு உசுரு கொஞ்சந்தான் இருக்கு. புதுசோட சேராது சார்.”

“அப்ப இதே மாதிரி தேஞ்சது ஒண்ணு குடுங்க.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாரும் பலமா இருக்கறதக் கேப்பாங்க. நீங்க என்ன சார்? ரொம்ப நாள் வராது.”

“தெரியுதுங்க. தேடிப் பாருங்க.”

கழித்துப் போட்டிருந்த வால்வுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒன்றுக்கு முள் அதே இடத்தில் வந்து நின்றது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாட்டினேன். சூடேறி மெல்லப் பாட்டு வந்தது. கொஞ்சம் சன்னம்தான். அம்மா பெட்டிமுன் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

“ரெண்டுமே தேஞ்சதும்மா. ரொம்ப நாள் வராது. போனா ஒண்ணா போயிடும்.”

“ஒண்ணாத்தான போவும்? போவட்டும் சாமி. ஒண்ணு போயி ஒண்ணு தனியா நிக்கறத இந்த வூட்டுல பாத்தாச்சு.”

சொன்னபிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தனியாக நிற்கும் அந்த ஒன்று நான்தான்.

“காலையிலருந்து நீ ஒண்ணுமே சாப்புடலியேடா” என்று எழுந்து, பாட்டை ஓடவிட்டு அடுப்படிக்குப் போனாள்.