மலைக்கு ஒரு வண்டி வேணும்

வாடகைக் கார் ஓட்டுவதில் களைப்பு வண்டி ஓடும்போது வருவதில்லை. கிளம்புவதற்கு முன்னால் போகிறவர்கள் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்களே, அப்போதுதான் வருகிறது. ஜட்கா ஓட்டினவர்களுக்கும் கல்யாணத்துக்குச் சமைக்கப் போனவர்களுக்கும் நான் சொல்வது புரியும். அரிசி களைவதற்கு முன்பே அவர்களுக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

நான் சொல்வது யுத்த காலம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நான் ஓட்டியது முதலாளியின் கரி வண்டி. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டதால் வண்டியின் முதுகில் ஒரு பீப்பாயைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் என்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தோம். காலையில் விசிறியைக் கையால் சுற்றி நெருப்பைக் கிளப்பவே அரை மணி ஆகும். அதற்குள் வாடிக்கைக்காரர் வந்து நின்றுகொண்டு, "இன்னும் கிளம்பலியா?" என்பார்.

அங்கேயே நின்ற கிருஷ்ணகிரி

பட்டணத்து வக்கீல் ஒருவர் குடும்பத்தோடு செஞ்சியில் வந்து தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கிருஷ்ணகிரி போக வண்டி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சேலம் ஜில்லாக் கிருஷ்ணகிரி தொண்ணூறு மைலுக்குக் குறையாது. மூன்று மூட்டை கரி ஏற்றி, வீட்டில் இரண்டு வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டு, மாற்றுச் சட்டையோடு போய் நின்றேன். எல்லோரும் ஏறினார்கள். திருவண்ணாமலை ரோட்டில் விட்டேன். பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டார்கள். வண்டியின் இரைச்சலில் கேட்கவில்லை. நாலு மைல் தாண்டியபோது வக்கீல் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

செஞ்சிக் கோட்டை மூன்று மலைகளின் மேல் இருக்கிறது அல்லவா? அதில் ஒன்றின் பெயரும் கிருஷ்ணகிரிதான். ஊரைத் தாண்டியதும் ரோட்டோரத்திலேயே நிற்கும். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற மலை. அதற்கு ஒருவர் கார் வைத்துக்கொண்டு போவார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. வக்கீல் கத்தித் தீர்த்தார். அவர் வீட்டம்மா கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. "டிரைவர், கிருஷ்ணகிரி அங்கேயேதான் நிக்கறது, நாமதான் போயிண்டிருக்கோம்."

தள்ளு வண்டி

மேல்மலையனூர் அமாவாசைக்கு ஒரு தடவை ஆறு பேரை ஏற்றிப் போனேன். கரியில் ஈரம். வழியில் மேடு வந்த இடத்திலெல்லாம் வண்டி நின்றது. மேடு என்று நான்தான் சொல்கிறேன். மாட்டுவண்டிக்காரனைக் கேட்டால் எங்கே மேடு என்பான். ஒவ்வொரு தடவையும் ஆறு பேரும் இறங்கித் தள்ளினார்கள். கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது வயதான அம்மா ஒருத்தி முந்தானையால் முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "நடந்தே வர்றேன்னுதான் அம்மனுக்கு வேண்டிக்கினேன், காரு வச்சும் அப்படியே ஆயிடுச்சு."

ஏழாம் மாதம்

இந்த வண்டியைத்தான் ஏற்காட்டு மலைமேல் ஏற்றச் சொல்லி ஐப்பசி மாதத்தில் ஆரோக்கியசாமி வந்தார். பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். கோயில் தவறாத வேதக்காரக் குடும்பம். அவருடைய சின்ன மகள் தெரேசாவை ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து குமாஸ்தாவுக்குக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பஸ்ஸில் வரக் கூடாது, கார்தான் வேண்டும் என்றார். அடுத்த வியாழக்கிழமையோடு ஏழாம் மாதம் முடிகிறது. எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை அழைக்கிற வழக்கம் கிடையாது. ஒன்பதாம் மாதம் வரை காத்திருந்தால் கார்த்திகை மழையில் மலை ரோடு திறந்திருக்குமோ, மூடியிருக்குமோ.

எனக்கு மேல்மலையனூர் மேடுகள் கண்முன் வந்தன. முடியாது என்று மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாதென்பது முதலாளி உத்தரவு. அதனால், "மழை கொஞ்சம் விடட்டும்ணா, பாத்துக்கலாம்" என்று நழுவப் பார்த்தேன். ஆரோக்கியசாமி தலையாட்டினார். கூட வந்திருந்த அவர் மனைவி லூர்தம்மா முன்னால் வந்தாள். "மூத்தவளயும் மழை விடட்டும்னுதான் தள்ளிப் போட்டோம், டிரைவரே. மழை விட்டுது. அவ இல்ல."

சர்வேயர் சார் போட்ட படம்

திங்கட்கிழமை கிளம்புவது என்று முடிவானது. அப்போது பார்த்து ரிடையரான சர்வேயர் ஒருவர் பக்கத்துப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். உத்தியோகத்தில் இருந்தபோது அந்தப் பக்கமெல்லாம் அளந்திருக்கிறாராம். வழி காட்ட, பிரதிபலன் எதிர்பாராமல், தானே கூட வருகிறாராம். மறுநாள் மடித்த காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு வந்தார். திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர், சேலம், அப்புறம் மலை. ஐப்பசி மாதத்து மலை ரோட்டைப் போல உலகத்தில் ஒன்று கிடையாதென்று சத்தியம் செய்தார். மேகம் காருக்குள் நுழையும் வளைவு, காப்பிப்பழம் சிவந்து தொங்கும் வளைவு, சேலம் முழுவதும் காலடியில் தெரியும் வளைவு என்று இருபத்திரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குறி போட்டிருந்தார். ஊத்தங்கரையில் பிரிகிற இன்னொரு ரோட்டைக்கூட விடவில்லை. 'இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி. பார்க்க ஒன்றுமில்லை' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை மூட்டமாக இருக்கும், காட்சி தெரியாது என்று புறப்பாட்டைப் புதனுக்கு மாற்றினதும் அவர்தான். படித்தவர் சொல்கிறார் என்று ஆரோக்கியசாமி அதற்கும் தலையாட்டினார். புதன் ஏறி வியாழன் இறங்கினால் ஏழாம் மாதத்தில் ஒரு நாள் கூட மிச்சமில்லை. எனக்கு வேறு கவலை. பீப்பாயில் சாம்பல் தட்டாமல் முப்பது மைல்கூட ஓடாது. படத்தில் அதற்கு இடமே இல்லை. "சாம்பல் எங்கே சார் தட்டறது?" என்று கேட்டேன். சர்வேயர் சார் முகத்தைச் சுளித்தார். "இயற்கை அழகு இருக்கிற இடத்துல புகை விடாதேய்யா."

தீர்த்தம்

மலை ஏறப் போகிற வண்டியை மந்திரித்தே ஆக வேண்டும் என்று ஆரோக்கியசாமி ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயிலுக்கு ஓட்டிவரச் சொன்னார். என் சம்சாரத்துக்கும் மலை என்றால் பயம். அவள் முந்தின நாளே முன்பக்கம் எலுமிச்சம்பழம் கட்டி, உள்ளே அங்காளம்மன் படம் ஒட்டியிருந்தாள். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். ஆரோக்கியசாமிக்கு அது போதவில்லை. மிச்சத் தீர்த்தத்தையும் வாங்கிப் பீப்பாய் மூடியில் ஊற்றிவிட்டார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி எல்லோரும் ஓடினோம். ஆவி அடங்கினபிறகு சாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், அம்மன் படத்தைப் பார்த்தார். நான் நெளிந்ததைப் பார்த்துச் சாமியார் சொன்னார்: "இருக்கட்டும்பா, மலை ஏறணும்ல, எல்லாரும் சேர்ந்து தள்ளட்டும்."

கார் வேணாம்

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. சர்வேயர் சார் சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. கரி மூட்டைகளை நனையாமல் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியசாமி குடைகூட இல்லாமல், கையில் ஒரு காகிதத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார். மருமகன் எழுதியிருக்கிறாராம். மலை ரோட்டில் மண் சரிகிறது, நீங்கள் ஏறி வர வேண்டாம். தோட்டத்துக் காப்பிக்கொட்டை லாரி இறங்குகிறது, அதன் முன் சீட்டில் உட்கார வைத்து வியாழக்கிழமை மத்தியானம் தெரேசாவைக் கிருஷ்ணகிரியில் கொண்டுவந்து விடுகிறேன், வந்து அழைத்துப் போங்கள் என்று.

வக்கீல் வீட்டம்மா அந்த நிமிஷம் என் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மலை ஏற வேண்டாம் என்பதைத் தவிர வேறெதுவும் என் காதில் ஏறவில்லை. கடுதாசியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. ஒன்றரை வாரத் திட்டம் இத்தோடு ஒழிந்தது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆரோக்கியசாமி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கிருஷ்ணகிரியில இருந்து வூட்டுக்கு இன்னா தூரம்? கூண்டு வண்டியே போதும், டிரைவரே."

மலையடியில் இரண்டு பேர்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி மலையடியில் கூண்டு வண்டி ஒன்று நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே மெத்தை, தலையணை. கல்லின்மேல் ஆரோக்கியசாமியும் லூர்தம்மாவும் தூக்குச் சட்டியும் பூவுமாக உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் வருகிற லாரி முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வதென்று விடியற்காலையிலேயே வந்துவிட்டார்களாம்.

லாரி எந்தப் பக்கமிருந்து வரும் என்று சும்மாதான் கேட்டேன். "அது பெங்களூர் போற லாரியாம், வழியில எறக்கிவிடும்" என்றார். சேலத்திலிருந்து பெங்களூர் போகிற லாரிக்குச் செஞ்சியில் என்ன வேலை? கடுதாசியை வாங்கிப் படித்தேன். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் என்று தெள்ளத் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ஆரோக்கியசாமி என்னைப் பார்க்கவில்லை; தலையை நிமிர்த்தி அந்த மலையையே பார்த்தபடி நின்றார். அதற்குள் லூர்தம்மா தலையணையை எடுத்துக்கொண்டு என் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அவரு மலைய பாத்துக்கினு நிக்கட்டும், நீ வண்டிய எடு."

போகிற கிருஷ்ணகிரி

கூண்டு வண்டிக்காரரிடம் முதலாளிக்குச் சேதி சொல்லச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். செங்கத்துக்கு அப்பால் எனக்கு வழி தெரியாது. சர்வேயர் சார் என்னிடம் கொடுத்திருந்த படம் சட்டைப் பையில் இருந்தது. ஜவ்வாது மலையோரம் ரோடு வளைந்து வளைந்து போனது. மழையில் கழுவின மலை, பாதி உயரத்தில் மேகம், பாறையெல்லாம் தண்ணீர். சர்வேயர் சார் பார்த்திருந்தால் பத்து இடத்தில் நிறுத்தச் சொல்லியிருப்பார். எங்கள் மூன்று பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. லூர்தம்மா கண்ணை மூடி ஜெபமாலை உருட்டினாள். கணவாய் மேட்டில் வண்டி நின்றது. ஆரோக்கியசாமி நான் சொல்வதற்கு முன்பே இறங்கித் தள்ளினார். நகரவில்லை. சீட்டுக்கடியில், உயிர் போகிற அவசரத்துக்கு என்று முதலாளி பூட்டி வைத்திருந்த ஒரு காலன் பெட்ரோல் இருந்தது. பூட்டை உடைத்து ஊற்றினேன். ஊத்தங்கரையில், பார்க்க ஒன்றுமில்லை என்று எழுதியிருந்த பக்கம் திருப்பினேன்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் விளக்கு வைக்கிற நேரம். டிரங்குப் பெட்டியின்மேல் தெரேசா உட்கார்ந்திருந்தாள். லாரி போய்விட்டது. மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. லூர்தம்மா மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதலில் காரில் உட்கார வைத்தாள். ஏழாம் மாதத்திலேயே அழைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. கரிப்புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். ஆரோக்கியசாமி மட்டும் கிட்டே வராமல் வண்டிக்குப் பின்னால் நின்று பீப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தார். தெரேசா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "கிருஷ்ணகிரின்னு எழுதிப் போட்டுட்டேன்னு அவரு சொன்னப்பவே எனக்குத் தெரியும் நைனா, நீ நம்ம மலையடியில வந்து குந்தியிருப்பன்னு."

தை மாதத்தில் தாய்வீட்டிலேயே பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஏற்காட்டு மலையை நான் இன்றுவரை பார்த்ததில்லை என்றாலும், கிருஷ்ணகிரிக்கு வண்டி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும் ஏறுகிற கிருஷ்ணகிரியா, போகிற கிருஷ்ணகிரியா என்று கேட்காமல் விசிறியில் கை வைப்பதில்லை.