படத்துல இருக்க நைட்டி எங்க?

போன வருடம் புரட்டாசி மாதம் நடந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் மெஷின்கள் போட்டு, நாலு பெண்களை வைத்து நைட்டி தைக்கிறேன்; தெருப் பெண்களுக்கு ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பேன். அதுவரைக்கும் ஒரு மொத்த வியாபாரி எங்கள் சரக்கை மூட்டையாக வாங்கிப் போய், அவர் பெயரைப் போட்டு விற்பார். தையல் என்னுடையது, பெயர் அவருடையது. எனக்கு அது பல வருட எரிச்சல்.

சிவகிரியில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிதான் வழி சொன்னார். "உன் பேரைப் போட்டு நல்ல பெட்டியில வச்சுக் கொண்டாம்மா. தீபாவளிக்கு முன்னால அடுக்குதேன். ஓடிச்சுன்னா வருசம் பூரா உன் சரக்குதான். ஓடலன்னா நீ பழையபடி மூட்டையைக் கட்டு."

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் டிசைன் பண்ணும் ஒருவரைப் பிடித்தேன். முப்பது வயது இருக்கும். போனில்தான் பேசினேன். நைட்டிக்குப் பெட்டி வேண்டும், கம்பெனி பெயர் இது, அழகாகப் பண்ணுங்கள் என்றேன். "சரிக்கா" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சாயங்காலமே வாட்ஸ்அப்பில் படம் வந்தது. வெள்ளைவெளேர் என்று ஒரு பெண். லேஸ் வைத்த ரோஸ் கலர் நைட்டி. கையில் காபி கப், பின்னால் கண்ணாடி ஜன்னல். எனக்கு வாயெல்லாம் பல். சிவகாசியில் கொடுத்து அச்சடித்து, நைட்டியை மடித்து வைத்து, பெட்டிகளை சிவகிரிக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் கூட ஆகவில்லை. அண்ணாச்சியிடமிருந்து போன்.

"ஏம்மா, படத்துல இருக்க நைட்டி எங்க?"

"எந்தப் படம் அண்ணாச்சி?"

"பெட்டி மேல ஒருத்தி சிரிச்சிக்கிட்டு நிக்காள்லா, அவ போட்ருக்கது. வார பொம்பளைய எல்லாம் அதைத்தான் கேக்காவ. பிரிச்சா உள்ள அரக்குல பூப்போட்ட காட்டன் கெடக்கு. ஏமாத்துக்காரன்னு என்னையச் சொல்லுதாவ. முதல்ல வந்து எடுத்துட்டுப் போ."

பஸ்ஸில் அந்தப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது. ஒரு பெட்டி சாய்ந்து பக்கத்தில் இருந்தவர் மடியில் விழுந்தது. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, எங்க விக்குது?" என்று கேட்டார். பெட்டியைப் பிடுங்கி என் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

நேராக டிசைனர் கடைக்குப் போனேன்.

"ஏலே, இந்த நைட்டியை நான் எப்பலே தச்சேன்?"

"அது நெட்ல எடுத்ததுக்கா."

"அப்ப என் நைட்டி?"

"அது எப்படி இருக்கும்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்க கொண்டாந்து காட்டவே இல்லியே. படம் அனுப்புனதுக்கு கை தட்டுத பொம்மை வேற போட்டிய."

"கேக்கணும்னு உனக்குத் தோணலயோ?"

"கேட்டா, டிசைனர் நீயா நானான்னு சத்தம் போடுதாவக்கா. அதனால நான் யார்ட்டயும் கேக்கதில்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரக்கைப் பார்க்காமல் பெட்டிக்குப் படம் போடுவது என்ன வேலை? நான் அளவு ஜாக்கெட் வாங்காமல் யார் துணியிலும் கத்தரி வைக்க மாட்டேன். இதை அவரிடம் கத்திச் சொல்லும்போதுதான் பாதியில் என் வாய் நின்றது. அளவு ஜாக்கெட் கொண்டுவராமல் "நல்லா தைச்சிருங்க" என்று சொல்லும் பெண்ணை நான் வாசலோடு திருப்பி அனுப்புவேன். இவர் என்னை அனுப்பவில்லை. அனுப்பியிருக்க வேண்டும். அவர் செய்ததும் தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுபடி பெட்டி அடிக்க நேரமில்லை. பழைய படத்தின் மேல் ஒட்ட ஒரு தாள் மட்டும் அடிக்கலாம், என் நைட்டியையே போட்டோ எடுப்போம் என்று முடிவானது. அதைப் போட்டுக்கொண்டு யார் நிற்பது? மாடியில் கேட்டேன். "நைட்டியோட டப்பா மேல நிக்கவா? எங்க வீட்டு ஆளு என்னைய வெட்டிப் போட்ருவாரு" என்று ஒருத்தி கும்பிட்டாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகத் தைத்தார்கள். நானே நின்றேன். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "ஊரு பூரா உன் படம் போணுமாக்கும்?" என்றார். "உங்க படத்தைப் போட்டா நைட்டி விக்குமா?" என்று கேட்டேன். இறங்கிப் போய்விட்டார்.

போட்டோ எடுக்க வந்த டிசைனர் ஆரம்பித்தார். "தோள்ல இருக்க துண்டை எடுங்கக்கா. ஒரு மாதிரி இருக்கு."

"எங்க தெருவுல துண்டு போடாம நைட்டியோட வாசலுக்கு எவ வாரா? ஒருத்தியக் காட்டு, எடுத்துருதேன்."

"கழுத்து டிசைன் மறையுதுக்கா."

துண்டை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டேன். எடுத்தார். அடுத்த நாள் படம் வந்தது. பார்த்தால் நான் இல்லை. முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. இடுப்பைப் பாதியாகக் குறைத்திருந்தார்.

"யாருலே இது?"

"லைட்டா டச் பண்ணுனேன்க்கா."

என் நிறம் போனால் போகட்டும். என்னை வெளுத்த வெளுப்பில் அரக்கு நிற நைட்டியும் ரோஸ் கலராகியிருந்தது. இதை ஒட்டி அனுப்பினால் திரும்பவும் சிவகிரி, திரும்பவும் பஸ்தான். நைட்டியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். துணியைத் திரையோடு சேர்த்துப் பிடித்தேன். "இந்தக் கலர் வார வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." அவர் முனகினார், நான் திட்டினேன். டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி திட்டினேன். கடைசியில் துணியும் படமும் ஒன்றாக வந்தன. "இதை மொதல்லயே கொண்டாந்திருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்க்கா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

தாளை ஒட்டிப் பெட்டிகளை சிவகிரியில் இறக்கினேன். அண்ணாச்சி நைட்டியை வெளியே எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தார். முன்னால் அடுக்கினார். தப்பித்தேன் என்று வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் மறுபடி போன்.

"ஏம்மா, படத்துல தோள்ல ஒரு துண்டு கெடக்குல்லா? அது எங்கன்னு கேக்காவ."

போனை வைத்த கையோடு டிசைனருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் சிரித்தார். "நான்தான் எடுங்கன்னு சொன்னேன்லாக்கா!"

அடுத்த தெருவில் விசைத்தறியில் நெய்கிற துண்டில் அரக்குக் கரை போட்டதாகப் பார்த்து வாங்கி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தேன். தீபாவளிக்கு முன்பே பெட்டிகள் காலியாகிவிட்டன. "துண்டோட இன்னும் கொண்டா" என்று அண்ணாச்சி கேட்டார். மொத்த வியாபாரிக்கு மூட்டை கட்டுவதை அன்றோடு விட்டேன்.

டிசைனரோடு இன்றும் சண்டைதான், ஆனால் வேறு ஆளிடம் போகவில்லை. இப்போதெல்லாம் கடை அலமாரியில் என் பெயர் போட்ட பெட்டியைப் பார்த்தால், பெருமை பிறகுதான் வருகிறது. இதைக் காசு கொடுத்து வாங்கிப் போய் வீட்டில் பிரிக்கிறவளுக்கு எதை வைக்காமல் விட்டுவிட்டோமோ என்ற பயம்தான் முதலில் வருகிறது, அந்தப் பயம் போய்விடக் கூடாது என்றே நினைக்கிறேன்.