வாசம் தெரியாதவள் வைத்த பாயசம்

எனக்கு வாசம் தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது. காய்ச்சல் வந்தது, பத்து நாள் படுத்தேன், காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கு பாதிதான் திரும்பி வந்தது. சுடுகிறதா ஆறிவிட்டதா என்று சொல்லும். உப்பா புளிப்பா என்று கேட்டால் யோசிக்கும். டாக்டரிடம் போனேன். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்வதற்கு அவ்வளவு வருடம் படித்திருக்கிறார், பாவம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. காரணம் ஒன்றுதான், கோயில் கரண்டி. செமோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமும் இல்லை. எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை, பாதி கட்டி நிற்கிற வீடுகள், எங்கள் அம்மன் கோயில், அவ்வளவுதான் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் பாகான் செராயிலிருந்தும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேருவார்கள். இருநூற்றைம்பது பேருக்கு அன்னதானம். அதற்குப் பதினோரு வருடமாகக் கரண்டி பிடிப்பவள் நான். மற்ற நாட்களில் ஈப்போவில் ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறேன். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. கோயில் சமையல்கட்டில் மட்டும்தான் "அக்கா, உப்பு போடவா?" என்று கேட்டுவிட்டுப் போடுவார்கள். எனக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் கரண்டி அடுத்த நிமிடமே கைமாறிவிடும். யார் கைக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் நாத்தனார் கைக்கு. கணவருக்குத் தங்கை. தஞ்சோங் மாலிமில் தொழிற்சாலை ஆட்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். தினமும் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள், கோயிலுக்கு வந்தால் எனக்குக் கீழே உட்கார்ந்து கத்தரிக்காய் வெட்டவேண்டும். வெட்டுகிற சத்தத்திலேயே அவள் மனசில் இருப்பது தெரிந்துவிடும். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணி, இதுல புளி போட்டீங்களா?" என்று கேட்டாள். "போட்டேன். உனக்குத்தான் தெரியல" என்றேன். முகத்தை அசைக்காமல் சொன்னேன். சுத்தமாக மறந்திருந்தேன்.

கணவர் லாரி ஓட்டுகிறவர். எதை வைத்தாலும் "ம்" என்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து அதே "ம்". அதை வைத்துக்கொண்டு சாம்பார் நன்றாக இருக்கிறதா, மனுசன் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூடச் சொல்லமுடியாது.

ஆனால் கோயிலில் எனக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. எங்கள் கோயில் வழக்கம் அப்படி. படையல் போட்டு அம்மன் முன்னால் தீபம் காட்டும் வரைக்கும் சமைத்ததை ருசி பார்க்கக்கூடாது. ருசி மட்டுமில்லை, மோந்தும் பார்க்கக்கூடாது. அம்மனுக்கு முன்னால் மனுச மூக்கு முந்திக்கொள்ளக்கூடாதாம். அதனால் சமையல்கட்டுக்குள் நுழையும்போதே எல்லோரும் மஞ்சள் துணியை மடித்து வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்வோம். உப்பைக் கைதான் அளக்கும், பதத்தைக் கண்தான் பார்க்கும். வருடத்தில் அந்த ஒரு நாள் அங்கே இருக்கிற எல்லோருக்கும் என் கதிதான். அன்றைக்கு மட்டும் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, மாப்பிள்ளை வீட்டார்போல நிமிர்ந்து நடப்பேன்.

இந்த வருடம் அதற்கு வந்தது சோதனை, காய்கறி வடிவத்தில்.

செமோர் சந்தையில் காய்கறி விற்கிற சீனர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக் கடைக்காரர் மகன். எங்களோடு ஓடி விளையாடியவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். முதலாளி என்ற அர்த்தத்தில் நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால் கோயில் தலைவரோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, இந்த வருசம் காய் எல்லாம் நான் தாரேன். காசு வேணாம். ஆனா பந்தி முழுக்க சாய் சாப்பாடு போடணும். என் பொண்டாட்டி வயித்துல ஆபரேசன் பண்ணுனாங்கல்ல, நல்லா ஆயிட்டா. உங்க அம்மனுக்குத்தான் வேண்டிக்கிட்டா லா."

சாய் என்பது சீனர்களின் விரதச் சாப்பாடு. "எங்க கோயில்ல எப்பவும் சைவம்தானே தவுக்கே?" என்றேன்.

"உங்க சைவத்துல மாடு இருக்கு அக்கா. பால், நெய், மோரு. மாடும் வேணாம். வெங்காயம், பூண்டும் வேணாம்."

"வெங்காயம் இல்லாம சாம்பாரா? அப்புறம் எதுக்கு சாம்பார்னு பேரு? பருப்புத் தண்ணின்னு சொல்லிட்டுப் போலாமே!"

தலைவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "செஞ்சிரலாம் அக்கா" என்றார். கோயில் உண்டியல் நிலைமை அவருக்குத்தான் தெரியும். அரிசியும் பருப்பும் எண்ணெயும் மட்டும் வாங்கினால் போதும், மற்றதெல்லாம் லாரியில் சும்மா வந்து இறங்கும் என்றால் எந்தத் தலைவர்தான் வேண்டாம் என்பார்.

பெருங்காயம் போடலாமா என்று கேட்டு டப்பாவை நீட்டினேன். தவுக்கே மூடியைத் திறந்து மோந்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஐயோ, பூண்டுக்கு அண்ணன் மாதிரி நாறுது. இதுவும் வேணாம்." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு அது சுண்ணாம்புப் பொடியாக இருந்தாலும் ஒன்றுதான்.

அவர்கள் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வெங்காயத்துக்காக இல்லை, மோருக்காக. இரண்டு வருடமாக என்னைக் காப்பாற்றியது மோர்தான். சாம்பாரில் ஏதாவது குறை இருந்தாலும் கடைசியில் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தால் அதோடு சரி, வாய் மறந்துவிடும். பாயசத்துக்குப் பால் இருந்தது, நெய் இருந்தது. நெய்யில் முந்திரியை வறுத்துக் கொட்டினால் எவனும் வாயைத் திறக்கமாட்டான். இப்போது மாட்டையே கழற்றிவிட்டார்கள்.

திருவிழா அன்று காலை ஆறு மணிக்கெல்லாம் காய் வந்து இறங்கியது. பறங்கிக்காய், கத்தரிக்காய், பயத்தங்காய், முட்டைக்கோஸ், இரண்டு பெட்டி தவ்ஹு என்கிற சோயாக்கட்டி. சாம்பாருக்குப் பறங்கியும் கத்தரியும். முட்டைக்கோஸும் பயத்தங்காயும் தேங்காய் போட்டுப் பொரியல். தவ்ஹுவை வெட்டிப் பொரித்து இஞ்சி, காய்ந்த மிளகாய், தக்காளி அரைத்துப் போட்டு சம்பல். மிளகு ரசம். பாயசம் ஜவ்வரிசியில், வெல்லம் போட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றி. சந்தான் என்று நாங்கள் சொல்கிற அந்தத் தேங்காய்ப்பாலை நாத்தனார் விடியற்காலையிலேயே ஈப்போ சந்தையில் மெஷினில் பிழிந்து பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கி வந்திருந்தாள். வந்ததும் ஐஸ் பெட்டியில் வைத்தாள். நானே பார்த்தேன்.

பத்து மணிக்கு வெயில் ஏறியது. சர்பத்துக்கு ஐஸ் போதவில்லை என்று கோயில் பையன்கள் அந்தப் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். பைகளை எடுத்துப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்கள். மேசை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. நல்ல பிள்ளைகள்.

பதினொன்றரைக்குப் பாயசத்துக்குப் பால் ஊற்றும்போது நாத்தனார் பக்கத்தில் நின்றாள். துணி கட்டிய வாய்க்குள்ளிருந்து சொன்னாள்.

"அண்ணி, சந்தான் கொஞ்சம் திரிஞ்ச மாதிரி இருக்கே."

"சூட்டுக்கு அப்படித்தான் இருக்கும்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணி, வெளிய கொண்டுபோய் பாத்துட்டு வாரேன்."

"எனக்குத் தெரியும். நீ எலைய எண்ணு."

வெளியே கொண்டுபோய் மோந்து பார்க்கிறேன் என்றுதான் சொன்னாள். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பிடுங்கி ஊற்றினேன். சமையல்கட்டில் ஏழு பேர் இருந்தோம், ஏழு மூக்கும் துணிக்குள் இருந்தன. அம்மன் சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒருத்தி துணியை இறக்கியிருந்தால் போதும்.

படையல் முடிந்தது, பந்தி போட்டார்கள். சாம்பார் ஓடியது. தவ்ஹு சம்பலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். வெங்காயம் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தவுக்கேயின் மனைவி மெலிந்து போயிருந்தார், ஆனால் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது. பிறகு பாயசம் வந்தது.

முதல் வரிசையில் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மனைப் பார்த்தார். அடுத்தவர் குவளைக்குள் பார்த்தார். "பாயசம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு அக்கா" என்றார். அவர் மனைவி, "வித்தியாசமா இருக்கு" என்றார். மூன்றாவது ஆளும் வித்தியாசம் என்றபோது நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன். கோயில் பிரசாதத்தை எங்கள் ஆட்கள் குறை சொல்லமாட்டார்கள். மண்ணை அள்ளிக் கொடுத்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவார்கள். இரண்டு பந்தியும் மரியாதையாகக் குடித்துக்கொண்டிருந்தது. கணவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு "ம்" என்றார். நானும் ஒரு குவளை எடுத்துக் குடித்தேன். சூடாக இருந்தது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

தவுக்கேயின் மனைவி குவளையை வாய்க்குக் கொண்டுபோனார். தவுக்கே சட்டென்று அவர் கையிலிருந்து பிடுங்கினார்.

"அக்கா! இது புளிச்சுப் போச்சு லா! பாசி பிடிச்ச நாத்தம் அடிக்குது! உங்களுக்கு மூக்கு இல்லையா?"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் கையில் இருந்த பாயச வாளியைக் கீழே வைத்தாள். "தவுக்கே, சந்தான் வாங்குனது நான்தான். என் தப்பு" என்றாள்.

கரண்டி என் கையிலேயே இருந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்டிருக்கமாட்டார்கள், அடுத்த வருடமும் நான்தான் பிடித்திருப்பேன். நான் அவ்வளவு நல்லவளும் இல்லை. ஆனால் பதினோரு வருடமாக என் கரண்டிக்கு ஆசைப்பட்டவள், அது கைக்கு வருகிற நேரத்தில் என்னை மறைத்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"அவ தப்பு இல்ல. எனக்கு மூக்கு இல்ல" என்றேன். "ரெண்டு வருசமா இல்ல. காய்ச்சல்ல போச்சு."

முதலில் பேசியது நாத்தனார்தான்.

"ரெண்டு வருசமாவா? தீபாவளிக்கு உங்க ரசத்தக் குடிச்சிட்டு என் நாக்குலதான் கோளாறுன்னு நான் டாக்டர்கிட்ட போயி ரத்தமெல்லாம் குடுத்துட்டு வந்தேன் அண்ணி!"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கரண்டியை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. தவுக்கேயின் மனைவியைக் காட்டி, "மொதல்ல அவங்களுக்கு இனிப்பு குடுக்கணும், வேண்டுதலாச்சே. வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாயசத்தைச் செம்பனைக்கடியில் கொட்டினோம். மிச்சம் இருந்தது சோறு, வெல்லம், தேங்காய்ப்பூ, நல்லெண்ணெய், ஏலக்காய். சோற்றைக் குழைய விட்டுப் பொங்கலாக ஆக்கலாம் என்றேன். நான் வழக்கம்போல மஞ்சள் துணியை எடுத்து மூக்கில் கட்டப்போனேன். படையல்தான் முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று அவள் அதைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க கிண்டுங்க. மூக்கு வேலைய நான் பாக்குறேன்."

கிண்டினேன். அவள் பானைமேல் குனிந்து, வெல்லம் கரைஞ்சிருச்சு, இன்னும் பச்ச வாசம் போகல, இப்பப் போயிருச்சு, என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏலக்காயைத் தட்டிப் போட்டேன்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"ஏலக்காய் வாசம் வருது."

"அது தெரியும்டி. எப்படி இருக்கு?"

அவள் இன்னொருமுறை குனிந்து மோந்தாள்.

"நீங்க கல்யாணம் ஆகி எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கு மொதமொதல்ல பொங்கல் வச்சீங்கல்ல. அன்னிக்கு வீடு பூரா இந்த வாசம்தான் அண்ணி."

நான் அழுதுவிட்டேன். கண்ணில் புகை பட்டது என்று சொல்லவும் வழியில்லை. அது கேஸ் அடுப்பு.