பெரட்டு

அறுவை செய்த இடுப்போடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். விடியற்காலையில் யாரோ இரும்புத் தட்டைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு, “பெரட்டு!” என்று கத்திவிட்டேன். தாதி ஓடி வந்தாள். “இந்தப் பக்கம் வலிக்குதா பாட்டி?” என்று கேட்டு, என்னை மறுபக்கம் புரட்டிப் படுக்கவைத்தாள்.

அவள் டவுனில் பிறந்தவள். எங்கள் தோட்டத்தில் பெரட்டு என்றால், விடியலில் எல்லாரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது.

ஜப்பான்காரன் காலத்தில் செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். அம்மாவின் காலில் புரையோடிய புண்ணைத் தோட்டத்து டிரசர் மயக்க மருந்தில்லாமல் கீறிவிட்டு, எழுந்திருக்கவே கூடாது என்றார். மறுநாள் தண்டவாளத் துண்டில் பெரட்டு மணி அடித்தது. பெரட்டில் நிற்பவர்களுக்குத்தான் அரிசி. வீட்டில் மரவள்ளிக்கிழங்குகூடத் தீர்ந்திருந்தது.

அம்மா காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்து எழுந்தாள். நான் அழுதேன்.

“அழாத. பேரு கூப்புடுறப்ப நிக்கணும், அவ்வளவுதான்.”

களத்துக்குப் போனதும் என் தோளை விட்டுவிட்டாள். பேரேடு வைத்திருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி, அவள் பெயரைக் கூப்பிட்டார். “இருக்கேன்!” என்று அம்மா சொன்னது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் வரை கேட்டிருக்கும்.

வெயில் ஏறியதும் தாதி நடைச்சட்டத்தைக் கொண்டுவந்தாள். “முடியலன்னா நாளைக்குப் பாக்கலாம்லா பாட்டி.”

“பாட்டி வேணாம். பேரச் சொல்லிக் கூப்புடு.”

அவள் சிரித்துக்கொண்டே, “முனியம்மா?” என்றாள்.

சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றேன்.

“இருக்கேன்!”