திக்லிபூர் மாப்பிள்ளைக்கு நான் போட்ட டிக்கெட்

போர்ட் பிளேர் டிராவல் ஏஜென்சி ஒன்றில் ஒன்பது வருஷமாக டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே என் மானம் போன கதையைச் சொல்லிவிடுவேன்.

1. மேப் பார்த்த லட்சணம்

கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்து, வேலையில் சேர்ந்த முதல் மாசம். அந்தமானிலேயே வடக்கே இருக்கும் திக்லிபூரிலிருந்து சசிகுமார் என்ற அரசு ஊழியர் போன் செய்தார். வெள்ளிக்கிழமை காலை சிவகங்கையில் அவருக்குக் கல்யாணம். செவ்வாய் வரை டியூட்டி, புதன் காலைதான் கிளம்ப முடியும், அதற்கேற்ற மாதிரி டிக்கெட் போடுங்கள் என்றார்.

சென்னைக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பிளேனில் இரண்டே கால் மணி நேரம் என்பது எனக்கு மனப்பாடம். திக்லிபூரை மேப்பில் பார்த்தேன். விரற்கடை தூரம்தான். காலையில் பஸ் ஏறினால் மதியம் வந்துவிட மாட்டாரா என்று புதன் மதிய பிளைட்டிலேயே போட்டுவிட்டேன்.

அங்கே நெட்வொர்க் மந்தம். செவ்வாய் காலைதான் அவர் டிக்கெட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். உடனே போன்.

"மேடம், பிளேன் கிளம்புற நேரத்துல நான் பாதி வழியில, பாராடாங் ஜெட்டியில பஸ்ஸோட நிப்பேன். கல்யாணம் எனக்குத்தான் மேடம்."

முதலாளி காதில் விழுந்துவிட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர் அவர். "அரே செல்வி, அது பன்னெண்டு மணி நேர ரோடு. ஜாரவா ஆதிவாசிங்க காட்டுல போலீஸ் கான்வாய்ல வரிசையாத்தான் விடுவான். நடுவுல பஸ்ஸையே ஃபெர்ரியில ஏத்தணும். யாரையாச்சும் கேட்டியா க்யா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2. மரைன் ஹில் ஹோட்டல்

வியாழன் காலை பிளைட் ஃபுல். அதில் எங்கள் ஏஜென்சி டூர் கூட்டிவந்த குரூப் ஒன்று ஊர் திரும்புகிறது, கும்பகோணத்துக்காரர்கள். குரூப் டிக்கெட்டில் முந்தின நாள் வரை பெயர் மாற்றலாம். மரைன் ஹில் ஹோட்டலுக்கு ஓடி, என் முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொல்லி, யாராவது ஒருவர் ஒரு நாள் தள்ளிப் போக முடியுமா என்று கேட்டேன். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

"நான் இருந்துக்கறேம்மா. முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு நாள் தனியா இருந்ததில்ல."

மனைவி முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

புதன் சாயந்திரம் சசிகுமார் புழுதியோடு வந்து இறங்கினார். பத்துபஸ்தியில் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, மறுநாள் காலை நானே ஏர்போர்ட்டில் விட்டேன். சென்னையில் மதுரை பிளைட்டைப் பிடித்து, மாப்பிள்ளை அழைப்புக்கு அரை மணி முன்னால் போய்ச் சேர்ந்தாராம். வெள்ளிக்கிழமை தாலி கட்டிய கையோடு போன் செய்தார். பக்கத்தில் நாதஸ்வரம் கேட்டது.

அன்றிலிருந்து, சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும், உங்கள் வீடு எங்கே என்று முதலில் கேட்கிறேன். திக்லிபூர் என்றால் இரண்டு நாள் என்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட இதுவரை மறுத்துப் பேசியதில்லை.