மூன்றாவது கியர்

புது லாரி, ஆறு மாதம் வாரண்டி. அந்த ஆறு மாதத்தில் மூன்றாவது கியர் படுத்திய பாட்டை எந்தப் பெண்டாட்டியும் எந்தப் புருஷனையும் படுத்தியிருக்க மாட்டாள். எனக்கு அப்போது பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அது வேறு கதை.

எழுபதுகளின் கடைசி. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிருந்து திருவள்ளூருக்கு இரும்புக் கம்பி ஏற்றிப் போவது என் வேலை. கிளீனர் கேட்டேன். "புது வண்டிக்கு கிளீனர் இன்னாத்துக்கு?" என்றார் முதலாளி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கேபினில் நான் ஒருத்தன்தான். சில நாள் நான் வாய் திறந்து பேசுகிற முதல் வார்த்தையே டீக்கடையில் "ஒரு டீ" என்பதாக இருக்கும்.

பாரத்தோடு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது மூன்றாவது கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். வண்டி பின்னால் உருளப் பார்க்கும். இடது முழங்காலால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். முழங்கால் கறுத்துக் காய்த்துப்போனது.

வண்டி விற்றவர்களின் மெட்ராஸ் சர்வீஸ் ஷெட்டுக்கு இரண்டு முறை போனேன். வண்டியைக் காலியாகத்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். காலி வண்டியில் அந்தப் பாழாய்ப்போன கியர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டு முறையும் ஃபோர்மேன் வாரண்டி அட்டையில் 'கோளாறு இல்லை' என்று எழுதினார். முதலாளி அதைப் படித்துவிட்டு, "வண்டி மேல பழி போட்டுக்கினு மெட்ராஸ் சுத்தறியா? இன்னொரு தபா இப்டி எழுதி வாங்கிக்கினு வந்தா வேலைக்கே வராத" என்றார். பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் 'ஆமாம், நானும் பார்த்தேன்' என்று சொல்லியிருப்பான். எனக்கு யார் இருந்தார்கள்? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வாரண்டி முடிய நாலு நாள்தான் பாக்கி. கம்பியை இறக்காமலே வண்டியை மெட்ராஸுக்கு விட்டேன். லோடு வண்டியைப் பார்த்து ஃபோர்மேன் கத்தினார். "சார், அஞ்சு நிமிஷம் பக்கத்துல குந்துங்க. அப்பால இன்னா வேணா சொல்லுங்க" என்றேன். என்ன நினைத்தாரோ, ஏறினார். ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறுவதற்குள் கியர் கழன்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஆமாய்யா, கழலுது" என்றார். அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஒருத்தர் ஆமாம் சொன்னது அன்றைக்குத்தான். கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து, தளர்ந்துபோன ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். சாயங்காலம் ஃபோர்மேன் அட்டையை நீட்டினார். "ரெண்டு தபா ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன்பா. இப்ப கோளாறுன்னு எழுதுனா மேல என்னத்தான் கேப்பாங்க. வேலை முடிஞ்சுது இல்ல, கையெழுத்து போடு." கியர் சரியானால் போதும் என்று போட்டுவிட்டேன். மடையன்.

முதலாளி அட்டையைப் பார்த்தார். மூன்றாவது முறையும் 'கோளாறு இல்லை', கீழே என் கையெழுத்து.

"ஸ்பிரிங் மாத்தினாங்க மொதலாளி. எழுதாம உட்டாங்க."

"லோடு மேலதான கீது. வண்டிய எடு, நானே பாக்கறேன்" என்று அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் அந்த லாரியில் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஏரிக்கரை மேடு வந்தது. மூன்றாவது போட்டேன். ஆறு மாதமாகக் கழலாதே கழலாதே என்று கெஞ்சியவன், அன்றைக்கு, ஒரே ஒரு தரம் கழன்று தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது கழலவில்லை. அந்த மேட்டை அவ்வளவு சுகமாக நான் ஏறியதே இல்லை.

திருவள்ளூரில் முதலாளி இறங்கினார். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

"நல்ல வண்டிப்பா. நாளைக்கு வேற ஆள் வருவான்" என்றார்.